கற்பூரத்தை எட்டாத கை

புந்தோங், ஈப்போ
12.6.1986

சிங்கப்பூர் கப்பல் பட்டறையிலே பெரிய ஆளாகிவிட்ட கொழுந்தன் அர்ச்சுனனுக்கு அண்ணி செல்லாயி எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் அண்ணன் பத்துமலையும் சுகம், ஆடிக்கொண்டே சுகம்.

கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. பொண்ணு பேரு நவமணி, நல்லா இருக்கு. கூடவே நீ வைத்த துண்டுச் சீட்டும் கிடைத்தது. குடிகார அண்ணன் பொண்ணு வீட்டார் முன்னே தள்ளாடினால் உன் மானம் போகும், கூட்டிவர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். உன் மானம் போகவேண்டாம் ராசா, நாங்க வரலை. எனக்கும் பட்டுச்சேலை இரவல் கேட்டு அலையும் வேலை மிச்சம்.

இங்கே ஒரு கூத்து கேள். உன் அண்ணன் இப்போ டிவி நடிகர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கோலாலம்பூர் டாக்டர் ஒருத்தர் வீடியோ கேமராவோடு வந்திருந்தார். சின்ன ஊர் டாக்டர்களுக்குத் தபாலிலே பாடமாம். கைகால் தானாக ஆடுகிறவர்களைப் படம் பிடித்து டேப்பை அனுப்புவாராம். அவர்கள் பார்த்துவிட்டு என்ன நோய் என்று எழுதி அனுப்பணுமாம். உன் அண்ணனுக்கு ஒரே குஷி, தலையை வாரிவிடு என்கிறார். நாக்கை நீட்டிவைக்கச் சொன்னார்கள். அது பாம்பு மாதிரி உள்ளே உள்ளே ஓடுது. நான் சிரிச்சிட்டேன். டாக்டர் சிரிக்கலை.

குடி இல்லையாம், மூளையிலே நோயாம். நர்ஸ் பெட்ரீசியா தமிழிலே சொன்னாள். டாக்டர்களே குடிகாரன் என்று விரட்டிவிடுகிறார்களாம், அதுக்குத்தான் இந்தப் பாடம். நான் நம்ம தோட்டத்துக் கதையைச் சொன்னேன். குடிக்கலைன்னா மாரியம்மன் முன்னாலே கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு என்றார் வேலை வாங்குற மண்டோர். இவர் கை நெருப்பைத் தேடி அலைஞ்சு, தட்டைத் தட்டிவிட்டு, கற்பூரம் பூசாரி வேட்டியிலே போய் விழுந்தது. பொய்ச் சத்தியத்தை ஆத்தா ஏத்துக்கலைன்னு எங்களைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டே எல்லாரும் சேர்ந்து துரத்தினீங்க. தட்டைப் பிடிச்சவன் நீ. முதல் செருப்படியும் உன்னுதுதான். கேட்டுட்டுப் பெட்ரீசியா அழுதாள், பாவம், சின்னப் பொண்ணு.

மருந்து ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்குமாம், நோயைத் தீர்க்காதாம். போகப்போகச் சோறு முழுங்க வராதாம். புத்தியும் தடுமாறுமாம்.

இது ரத்தத்திலே வருமாம், தம்பி. அப்பனுக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையா போடுகிற மாதிரியாம். குடிச்சிட்டு ஈயம் தோண்டின குட்டையிலே விழுந்து செத்தார் என்று சொல்வோமே உங்க அப்பா, அவர் நடையை நான் டாக்டருக்கு நடந்து காட்டினேன். அதே நோய்தான் என்று தலையை ஆட்டினார். எனக்குப் பிள்ளை இல்லைன்னு ஏசாத வாய் இல்லை. அன்னைக்குத்தான் ஆத்தாவை மனசாரக் கும்பிட்டேன்.

பத்து காஜாவிலே உங்க அத்தை சாவுக்கு வந்திருந்தாய். என்னைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஆனால் உன் விரல் மட்டும் தொடையிலே தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. சாவு வீட்டிலே துரைக்கு என்ன பாட்டு என்று நினைச்சேன்.

அந்த டாக்டர் அடுத்த மாசமும் வருகிறார். கல்யாணத்துக்கு முன்னே ஒரு நடை வந்து காட்டிவிட்டுப் போ. வரமாட்டேன் என்றால் நவமணிகிட்டேயாவது சொல்லிவிடு. தெரிஞ்சு கழுத்தை நீட்டட்டும். எனக்கு யாரும் சொல்லலை.

மூணு முடிச்சுப் போடுகிற நேரத்திலாவது உன் கை ஆடாமல் நிற்க ஆத்தா துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி
செல்லாயி