நான் வாசித்துக் காட்டிய ஆறு எண்கள்

மார்ச் 3
இன்று ஒரு பக்கம் எழுதினேன். கை வலிக்கிறது, மனம் துள்ளுகிறது. பாமிர் மேட்டில் ஆடு மேய்த்தவனுக்குப் பள்ளிக்கூடம் ஏது? கிர்கிஸ்தானில் குடியேறிய பிறகு, எழுபத்தோரு வயதில், நூலகத்துச் சபீராவிடம் எழுத்துப் படித்தேன். மகள் மீரிமுக்காகத்தான். என் பேச்சை மீறி மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனவள். மூன்று வருடமாக நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் படிக்கிறாள், நீலக் கோடு விழுகிறது. பதில் இல்லை. படிக்கிறாளே, அதுவே போதும்.

மார்ச் 9
போனில் ஒருவன். நம் குலத்தானாம். ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரையும் தடுமாறாமல் சொன்னான் — அப்படிப்பட்டவனிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? அவனுக்கு வரவேண்டிய ஆறு எண்கள் தவறி என் போனுக்கு வந்துவிட்டனவாம். ஒரே மூச்சில் வாசித்துக் காட்டினேன். "பெரியவர் நல்ல படிப்பாளிதான்" என்றான். நாள் முழுக்கச் சிரிப்பு.

அன்றே மாலை
வாட்ஸ்அப் திறக்கவில்லை.

மார்ச் 10
காலையில் தேநீர்க் கிண்ணத்தோடு வாசலில் நிற்கிறேன், பக்கத்து வீட்டு ஜூமாஷும் நாலு பேரும் தெருமுனையிலிருந்தே ஓலமிட்டுக்கொண்டு வருகிறார்கள், சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி. அப்படி வருகிறவர்களை அழுதே எதிர்கொள்வது எங்கள் வழக்கம்; நானும் அழ ஆரம்பித்துவிட்டேன். கிட்டே வந்ததும், யார் போனது என்று கேட்டேன்.

"நீதான்யா" என்றான் ஜூமாஷ்.

என் வாட்ஸ்அப்பிலிருந்தே எல்லாருக்கும் செய்தி போயிருக்கிறது — அசனாலி இறந்தார், அடக்கத்துக்குப் பணம் அனுப்பி உதவுங்கள் என்று. என் சாவை நானே சொன்ன மாதிரி. பாட்டன் பெயர் சொன்னவன் வேலைதான்; நான் வாசித்த எண்கள்தான் அவனுக்குச் சாவி. பாட்டன்மார் பெயர்ப் பட்டியல் குலத்தின் வாட்ஸ்அப் குழுவிலேயே கிடக்கிறதே. எப்படிடா மனசு வந்துச்சு உனக்கு?

ஐயோ, மீரிம். அவளுக்கும் போயிருக்குமே.

நினைத்து முடிக்கவில்லை, ஜூமாஷின் போன் அடித்தது. அவள்தான். "மாமா, அத்தாவ இன்னிக்கே எடுத்துடாதீங்க. நான் வந்துடுறேன்."

பிடுங்கி, நான்தாம்மா என்றேன். எண்களை வாசித்துக் காட்டிய கதையைச் சொன்னேன். அப்புறம் ஒரே வசை. எவன் கேட்டாலும் எண்ணை எடுத்துக் கொடுப்பீங்களா, புத்தி எங்கே போச்சு என்று. மூன்று வருடத்துக்குப் பின் கேட்கும் குரல். திட்டட்டும் என்று நின்றேன்.

மார்ச் 17
திருடன் என் வாட்ஸ்அப்புக்குத் தன் ரகசிய எண்ணால் பூட்டுப் போட்டிருந்தான். அந்த எண் இல்லாமல் திறக்க ஏழு நாள் ஆகுமாம்; காத்திருந்து இன்றுதான் கணக்கு திரும்பியது. மீரிம் போனிலேயே சொல்லச் சொல்ல, இரண்டாவது பூட்டு போட்டேன். இனி போனுக்கு வரும் எண் எவனுக்குக் கிடைத்தாலும் போதாது. நான் மட்டும் அறிந்த இன்னொரு எண்ணும் வேண்டும். நான் மறந்துவிட்டால் திறக்கும் வழி அவள் மின்னஞ்சலுக்குப் போகும்.

முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்: "சரி, என்ன நம்பர் வச்சீங்க?"

"சொல்ல மாட்டேன்."

சிரித்தாள்.

மார்ச் 20
வாட்ஸ்அப் அந்த எண்ணைக் கேட்டது. நன்றாக ஞாபகம் இருந்தது. மீரிமைக் கூப்பிட்டு, மறந்துவிட்டேன் என்றேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.