பெரிய வீட்டு அண்டா வராத கல்யாணம்

என் வாயாடி அத்தைக்கு,

உங்கள் மூத்த மருமகள் தனம் எழுதுகிறேன். உங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அங்கே பக்கத்தில் இருக்கிற யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்கிறவரை நடுவில் நிறுத்தி நியாயம் பேசக் கூடாது. சொன்னால் கேட்கவா போகிறீர்கள்?

நல்ல சேதிதான். போன வாரம் நம் முருகேசனுக்குக் கல்யாணம் முடிந்தது. இங்கேயே, குரும்பலூரில், நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு. தாலி கட்டும்போது உங்கள் கடைக்குட்டி முடிச்சுப் போடத் திணறினான். லாரி ஓட்டுகிற கையா இது என்று பெண்ணின் தோழிகள் கேட்டுச் சிரித்தார்கள். பெண் விக்கிரமங்கலத்துக்காரி, பெயர் மலர்க்கொடி. வாய் உங்களுக்குக் கொஞ்சமும் குறையாது. நீங்கள் போனபிறகு வீடு அமைதியாகிவிட்டதே என்று அழுதேன். இனி அந்தக் கவலை இல்லை.

கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "அவனுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சிடுடி. நாலு பேரு முன்னாடி தலகுனிய வுட்டுடாத." சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்விட்டீர்கள். நான்தான் அதைச் சுமந்துகொண்டு அலைந்தேன்.

ஏனென்றால் முருகேசனுக்கு மண்டபத்தில் கல்யாணம் நடக்க வேண்டுமாம். எந்த மண்டபம் என்கிறீர்களா? நம் தெரு முனைப் பெரிய வீட்டார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறார்களே, அதுதான். உங்கள் காலத்தில் அவர்களுடையது பெரிய ஓட்டு வீடு, நம்முடையது கூரை வீடு. இப்போது நாமும் ஓடு போட்டுவிட்டோம் அத்தை, மழைக்குச் சட்டி எடுத்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் ஓடு போடுவதற்குள் அவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் குவாரி, வரிசையாக லாரிகள், மாடிக்கு மேல் மாடி, அதற்கு மேல் டி.வி. ஆண்டெனா என்று வந்துவிட்டது. சுற்றுச்சுவரின் மேல் கண்ணாடிச் சில்லு வேறு பதித்திருக்கிறார்கள். நாம் முன்னேறவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவர்கள் போகிற வேகத்துக்கு நாம் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரிதான் தெரிகிறது.

முருகேசன் மண்டபம் என்றதும் எனக்கு என் கல்யாணம்தான் ஞாபகத்துக்கு வந்தது. எழுபதுகளின் தொடக்கம். கல்யாணத்துக்கு முதல் நாள் அரியலூர்ப் பக்கத்திலிருந்து என் சனங்களோடு வந்து இறங்குகிறேன். ஆரத்தி எடுக்க மாமியாரைக் காணோம்! நீங்கள் பெரிய வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அந்தக் காலத்தில் தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அண்டாவும் ஜமக்காளமும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் பெரிய வீட்டிலிருந்துதான் வரும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மாவு இடிப்பது, பந்தல் போடுவது, எச்சில் இலை எடுப்பது எல்லாம் நம் தெரு. இது யாரும் எழுதி வைக்காத வழக்கம். அந்த வருஷம் அவர்கள் தங்கள் மகளுக்குத் திருச்சியில் மண்டபம் பிடித்து, கான்ட்ராக்ட் சமையல்காரரை வைத்துக் கல்யாணம் முடித்திருந்தார்கள். அண்டாக்களைப் பழைய விலைக்குப் போட்டுவிட்டு சோபா செட்டு வாங்கிவிட்டார்கள். அது தெரியாமல் நீங்கள் எங்களுக்கு நாள் குறித்துவிட்டு, முதல் நாள் போய்க் கேட்டிருக்கிறீர்கள்.

"இனிமே அதெல்லாம் நமக்கு எதுக்கு, வாடகைக்கு எடுத்துக்கங்க" என்று பெரிய வீட்டு அம்மா கோபமில்லாமல்தான் சொன்னார்களாம். கோபப்பட்டிருந்தால் நீங்கள் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பீர்கள். அவர்களுக்கு நம் கை வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதுதான் உங்களுக்கு வலித்தது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒருவருக்கொருவர் தேவையே இல்லை என்று ஆனபிறகு ஒரே தெருவில் இருந்து என்ன, அத்தை?

ஆனால் நீங்கள் சும்மா இருக்கிற ஆளா? தெரு நடுவில் நின்று ஒரு சத்தம் போட்டீர்கள்.

"ஏ, எல்லாரும் கேட்டுக்கங்க! அண்டா வராது. அவங்கவங்க வூட்டுப் பானையில சோறு வடிங்க. கொழம்பு, உங்க வூட்ல எது நல்லா வருமோ அத வெச்சு எடுத்தாங்க!"

அத்தை, அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். பந்தியில் வாளி வாளியாக வந்தது. பூசணிக்காய், மொச்சை, முருங்கைக்காய். ஒரு வீட்டுச் சோறு குழைந்திருந்தது, ஒரு வீட்டுச் சோறு வேகாமல் விதை விதையாக இருந்தது. என் தாய்மாமன் இலையில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். அண்டா இல்லாத வீட்டிலா பெண் கொடுத்தோம் என்று கேட்பதற்கு வாயைத் திறந்தார். சரியாக அந்த நேரத்தில் எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு ஒரு சட்டியை மூடித் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடியைத் திறந்தால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு! கல்யாணப் பந்தியில்!

எனக்கு மணவறையிலேயே உயிர் போய்விட்டது. நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டி சின்னப்பொண்ணு, ஒனக்கு மூளை இருக்கா?" என்றீர்கள். அவள் பாவம், கண் கலங்கி, "நீங்கதான யக்கா, எது நல்லா வருமோ அத வெக்கச் சொன்னீங்க? எனக்கு இதான் நல்லா வரும்" என்றாள்.

என் மாமன் மூக்கைத் தூக்கி ஒரு முறை மோந்து பார்த்தார். "அந்தச் சட்டிய இங்க வெச்சிட்டுப் போ தாயி" என்றார். அவ்வளவுதான். பந்தி முழுவதும் சிரித்த சிரிப்பில் பந்தல் கால் ஆடியது. திரும்பிப் போகும்போது அவர் என் அப்பாவிடம், "பொண்ண ஒரு வூட்டுக்குக் குடுத்தோம்னு நெனச்சேன், ஒரு தெருவுக்கே குடுத்துருக்கோம்" என்று சொன்னாராம்.

இதையெல்லாம் முருகேசனிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை. "அண்ணி, அது அந்தக் காலம். வெளியூர்லேருந்து எங்க லாரி மொதலாளி வராரு, கூட ஓட்டறவனுங்கல்லாம் வரானுங்க. வாசல்ல உக்கார வெச்சு ஆளுக்கொரு கொழம்பு ஊத்துனா சிரிக்க மாட்டாங்களா?" என்றான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. தலைகுனிய விடாதே என்று நீங்கள் வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். மண்டபத்தில் அவர்கள் ஆட்கள்தான் சமைப்பார்களாம், நம் தெரு ஆட்கள் யாரும் கரண்டியைத் தொடக் கூடாதாம். நான் அரை மனதாகச் சரி என்றேன்.

பரியம் போட்டுக் கல்யாணத்தை உறுதி செய்ய விக்கிரமங்கலம் போனோம். மண்டபத்தைப் பற்றி முருகேசன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே இருந்து மலர்க்கொடியின் குரல் வந்தது.

"மண்டபத்துல மொத பந்தி யாருக்குங்க?"

"மொதலாளிக்கு, பெரிய மனுசங்களுக்கு" என்றான் இவன்.

"எங்கம்மா களை வெட்டப் போறவங்க. அவங்க எத்தனாவது பந்திங்க?"

பஸ்ஸில் பெரம்பலூருக்குத் திரும்பி வந்தோம். இறங்கும்போது நம் பையன், "வாசல்லயே பந்தல் போட்டுருங்க அண்ணி" என்றான். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது.

அதே முகூர்த்தத்தில் மண்டபத்தில் பெரிய வீட்டுக் கல்யாணமும் நடந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் தெரு முனை வரைக்கும் சீரியல் விளக்கு, ஜெனரேட்டர், கார் நிறுத்த இடமில்லை. நம் வாசலில் வாழைமரம் மட்டும். லாரி முதலாளி வந்தார், மலர்க்கொடியின் அம்மாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார், இரண்டு முறை சோறு வாங்கினார். அதற்குப் பிறகும் முருகேசன் முகம் தெளியவில்லை. மண்டபத்து வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

கடைசிப் பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரம். மண்டபத்துக்கு வந்த பேண்டு வாத்தியக்காரர்கள், விளக்குப் போட்டவர்கள், காரோட்டி வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் தெருமுனையில் வந்து நின்றது.

"யக்கா, குடிக்கத் தண்ணி கெடைக்குமா?"

"சாப்டீங்களாப்பா?" என்றேன்.

"அங்க பெரியவங்க பந்தியே இன்னும் முடியல யக்கா. எங்களுக்கு எப்பன்னு யாரும் சொல்லல."

பானைகளைப் பார்த்தேன். எல்லாம் காலி. லாரி முதலாளியும் டிரைவர்களும் வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முருகேசன் மணவறையிலிருந்து மாலையோடு எழுந்து வந்தான்.

"அண்ணி, சோறு இருக்கா?"

"இல்லப்பா. புதுசா அடுப்புல ஒலை வெச்சாத்தான்."

அவன் தெருவைப் பார்த்துக் கத்தினான் அத்தை. அசல் உங்கள் தொண்டை. "யார் வூட்ல அடுப்பு எரியுது?"

"எங்க வூட்ல!" "இங்க வெக்கிறேன்டா!" "அரிசி களைஞ்சிட்டேன், உக்காரச் சொல்லு!" தெருவின் இரண்டு பக்கமிருந்தும் குரல் வந்தது. மலர்க்கொடி பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இலை போட்டாள். முருகேசன் மாலையைக் கழற்றிப் பந்தல் காலில் மாட்டினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தான். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு நம் வீட்டு மாப்பிள்ளை சோறு போட்டான். முதலாளியைப் பார்க்கவில்லை, மண்டபத்துப் பக்கமும் திரும்பவில்லை. "கூச்சப்படாம வாங்கிக்கங்க, இது நம்ம கல்யாணம்" என்று ஒவ்வொரு இலையிலும் சொன்னான். நான் அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன்.

பெரிய வீட்டுச் சுற்றுச்சுவர் இன்னும் எவ்வளவு உயரம் ஏறும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன். நானும் மலர்க்கொடியும் இருக்கும்வரை, நம் தெருவுக்குப் பசியோடு வந்தவர் யாரும் பசியோடு திரும்ப மாட்டார். உங்கள் மகன் தலைகுனியவில்லை அத்தை. நிம்மதியாக இருங்கள்.

மருமகளாக வந்து உங்கள் மகளாகிப்போன,
தனம்