தவிட்டுக்கு விற்ற பிள்ளை

நைனா,

கருவாட்டுக்காரி இன்றைக்குக் கூடையை நம் வாசலில் இறக்கிவைத்து, "கடப்பாக்கத்துச் சரக்கும்மா, மோந்து பாரு" என்றாள். மோந்து வேறு பார்க்கணுமாம்! வேண்டாம் என்று கதவைச் சாத்தினேன். வாசனை மட்டும் உள்ளே வந்துவிட்டது. கூடவே நீயும் வந்தாய்.

அம்பத்தஞ்சாம் வருஷ வாக்கில் இருக்கும். என் முதல் குழந்தை தொட்டிலோடு போயிற்று, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது ஜோசியர், "குலதெய்வத்தை விட்டுட்டீங்க" என்றார். உனக்குத் தூக்கம் போயிற்று. நாம் எங்கே விட்டோம்? நமக்கு அது எதுவென்றே தெரியாதே! உன் அப்பா, என் தாத்தா, செங்கல்பட்டில் எண்ணெய்க்கடை வைத்திருந்த பிள்ளையில்லாத தம்பதி எடுத்து வளர்த்தவர். பிறந்தது கடப்பாக்கம் என்பது மட்டும்தான் தெரியும். ஆம்பிளைக்கு எதற்கு மூக்கில் துளை என்று சின்ன வயதில் கேலி செய்வேன். சிரிக்கவே மாட்டார். பிறந்த ஊர்ப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். கடைசிவரை சொல்லவில்லை.

"அவரு பொறந்த வூட்டைக் கண்டுபுடிச்சா சாமியையும் கண்டுபுடிச்சிடலாம்" என்று கிளம்பிவிட்டாய். நினைத்ததை உடனே செய்தாகணும் உனக்கு. மதுராந்தகம் வரை பஸ், செய்யூருக்கு இன்னொரு பஸ், அப்புறம் மாட்டு வண்டி. "மெதுவா ஓட்டு அண்ணாத்த, பொண்ணு மாசமா கீது" என்று வழியெல்லாம் வண்டிக்காரனைப் பேஜார் பண்ணினாய்.

கடப்பாக்கத்தில் மூக்குத் துளையைச் சொன்னதுமே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் இடிந்த கோட்டைப் பக்கம் கைகாட்டினார். "அங்கதான் அந்த வூடு. வழியிலயே அவுங்க சாமியும் கீது."

பனைமரத்தடியில் உப்புக்காற்று அரித்த ஒரு கல். விளக்கு வைத்த அடையாளமே இல்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. "முதல்ல வூட்டுல கேப்போம் நைனா" என்றேன். கேட்டாயா? மடியிலிருந்த கற்பூரத்தை எடுத்துக் கொளுத்தினாய். சத்தமாகவே சொன்னாய்: "உன் வூட்டுப் புள்ளையோட புள்ள வந்துகீறேன். இது என் பொண்ணு. அது வயித்துல கீறதும் உன்னுதுதான்." அவ்வளவு காற்றிலும் அந்தக் கற்பூரம் அணையவில்லை.

வீட்டில் தாத்தாவின் சித்தப்பா மகன் இருந்தார். அச்சு அசல் தாத்தா முகம். நீ அழுதுவிட்டாய். அவர் நம்மை உட்காரச் சொல்லவில்லை. சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறோம் என்று நீ பெருமையாகச் சொன்னதும் கிழவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி, இன்னா காரியம் பண்ண! உங்கப்பனுக்கு, எங்கண்ணனுக்கு, முன்னாடி பொறந்ததையெல்லாம் எடுத்துக்கினது அந்தச் சாமிதான்டா. இவனாவது பொழைக்கணும்னு மூக்கு குத்தி, ஒரு மொறம் தவிட்டுக்கு வித்தாங்க. வேற வூட்டுப் புள்ளன்னு அது நெனச்சிக்கினு இருந்துச்சு. பெத்த பெரியம்மாவே சாகற வரைக்கும் அண்ணன் பேரைச் சொல்லல. நீ போயி விலாசம் குடுத்துட்டு வந்துகீற!"

திரும்பும்போது வண்டிக்காரனை வேகமாக ஓட்டச் சொன்னாய். அந்த வாரமே காய்ச்சல் கண்டது. டைபாய்டு என்றார் டாக்டர். நீயோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்ன வார்த்தைக்கு நானே போறேன். பொறந்ததும் வித்துடு. உன் புள்ளன்னு வாயைத் தொறக்காத" என்றாய். கிறுக்கு நைனா! உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. காய்ச்சல் காய்ச்சல்தான் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அந்தக் கல் ஞாபகம் வந்துவிடும்.

நீ போன பிறகு அவன் பிறந்தான். அடுத்த வீட்டு மரக்காயர் சம்சாரம் முறத்தில் தவிடு கொண்டுவந்து கொடுத்து அவனை வாங்கிக்கொண்டாள். "இவன் என் புள்ள, உங்கிட்ட வளர விட்டிருக்கேன்" என்று தெருவே கேட்கச் சொன்னாள். மூக்கும் குத்தினோம். பால் கொடுத்ததும் ராத்திரி முழித்ததும் நான். அம்மா என்று அவன் கூப்பிட்டது அவளைத்தான். என்னை அக்கா என்பான்.

இப்போது அவனுக்கு மீசை முளைத்துவிட்டது. போன வாரம் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். "அக்கா, அதெல்லாம் பழங்கதை. ஒரே ஒரு தடவை உன்னை அம்மான்னு..." என்று ஆரம்பித்தான். சோற்றுக் கையோடு அவன் வாயைப் பொத்தினேன். ஆசையில்லாமலா நைனா? எத்தனை வருஷத்து ஆசை! வாசல் கதவு திறந்து கிடந்தது, சாயங்காலக் கடற்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. என் உள்ளங்கையில் அவன் மூச்சு சூடாக வந்து போயிற்று. கையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.