சீதா மேம் வேஷத்தில் ஜாஸ்மின்

2 செப்டம்பர் 2024, திங்கள்

மூன்றாமாண்டு உளவியல் வகுப்பில் நகைச்சுவைக் கோட்பாடுகளை முடித்தேன். அடுத்தவர் அசடு வழியும்போது நாம் உசத்தி என்று தோன்றிச் சிரிப்பது மேட்டிமை. எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறு என்றால் முரண். அடக்கி வைத்த பயம் வெளியேறினால் தளர்வு. ஆசிரியர் தின நாடகத்தைப் பார்த்துவிட்டு, அது ஏன் சிரிப்பூட்டியது என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் ஜாஸ்மின் வந்து நெளிந்தாள். "மேம், உங்க காட்டன் புடவை ஒண்ணு குடுப்பீங்களா? நாடகத்துல நான்தான் நீங்க." எனக்குத் தலைகால் புரியவில்லை. கலகலப்பான மேம் என்று பெயரெடுத்தவள் அல்லவா!

4, புதன்

நீலப் புடவையைக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து கொடுத்தேன்.

5, வியாழன்

ஜாஸ்மின் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டதற்கே கைதட்டல். நானும் சிரித்தேன். பிறகு ஒருத்தி பையோடு கதவருகே வந்து நின்றாள்.

"வாங்க மகாராணி! பல்லக்கு இன்னிக்கும் லேட்டா?"

"பஸ் வர்ல மேம்."

"உக்காருங்க. ஆனா நீங்க வரவே இல்ல!" என்று காற்றில் ஆப்சென்ட் போட்டாள் ஜாஸ்மின்.

அப்படி ஒரு சிரிப்பு. நானும் கைதட்டினேன். மயிலாப்பூர் திரும்பும் ஆட்டோவில்தான் உறைத்தது — நான் இப்படியா பேசறேன்? தினமுமா?

ஆமாம். தினமும் தாமதமாக வரும் என் மாணவி தேவானையிடம். அடையாற்றங்கரையிலிருந்து அவர்கள் வீட்டை அரசாங்கம் அகற்றி, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லியிருக்கேன்.

அந்தச் சிரிப்பு தளர்வு என்றால், அது யாருடைய பயம்? என்னைப் பிடிக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

9, திங்கள்

முப்பத்தெட்டு தாள்கள். பெரும்பாலும் 'முரண்' என்று எழுதித் தப்பித்திருக்கிறார்கள். தேவானையுடையது நாலே வரி.

"மூன்று கோட்பாடும் பொருந்துகிறது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். இது எந்தக் கோட்பாடு என்று தெரியவில்லை."

மதிப்பெண் போடக் கை வரவில்லை.

11, புதன்

வருகை குறைந்தவர்கள் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். தேவானை ஐம்பத்தெட்டு சதவீதம். இப்படியே போனால் நவம்பரில் பரீட்சை எழுத விடமாட்டார்கள். தினமும் முதல் பீரியட் என்னுடையது. அதில் ஆப்சென்ட் என்றால் அரை நாள் போச்சு.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"கிளாஸ்ல உக்காந்துகினுதான் இருந்தேன் மேம். ரெண்டு பஸ் மாறணும். ஏழு மணிக்கே கெளம்பறேன்."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொன்னேன் மேம். எல்லாரும் சிரிச்சாங்க."

அவள் போனதும் வருகைப் பதிவேட்டை எடுத்து, அவள் பெயருக்கு நேரே நான் போட்ட ஆப்சென்ட்களை எண்ணினேன். வெட்கமாக இருந்தது.

13, வெள்ளி

'வகுப்பில் இருந்த மாணவியை இருபத்துமூன்று நாள் வரவில்லை என்று பதிந்தேன். தவறு என்னுடையது. திருத்த அனுமதிக்கவும்.' என் கடிதத்தைத் துறைத்தலைவர் ராஜகோபாலன் இரண்டு முறை படித்தார்.

"உங்க மேலயே பெட்டிஷன் எழுதிண்டு வந்திருக்கேளே! மெமோ வரும், பரவால்லையா?"

"பரவால்ல சார்" என்றேன்.

20, வெள்ளி

மெமோ வந்தது. தேவானையின் வருகையும் திருத்தப்பட்டது.

23, திங்கள்

ஒன்பது பன்னிரண்டுக்குத் தேவானை வந்தாள். வகுப்பே என் வாயைப் பார்த்தது. "உக்காரும்மா" என்று பாடத்தைத் தொடர்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு சப்பென்று இருந்தது. இருக்கட்டும்.

12 நவம்பர், செவ்வாய்

தேர்வறைக் கண்காணிப்பு. இன்று புள்ளியியல் தாள். தேவானை எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். கடைசி அரை மணி நேரத்தில் கூடுதல் தாள் கேட்டுக் கை தூக்கினாள். கட்டுவதற்கு நூலும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தேங்க்ஸ் மேம்" என்றாள். சிரிக்கவில்லை. எனக்காகச் சிரிக்க வேண்டியதில்லை என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குனிந்து எழுதத் தொடங்கினாள். நான் அடுத்த வரிசைக்கு நகர்ந்தேன்.