ஆணி இல்லாத குடில்

ஹோல்ம் ஏரி, மினசோட்டா
11 ஜனவரி 2025, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய அண்ணன் ஆர்விட் ஹாகன் அவர்களுக்கு,

தம்பி மில்டன் எழுதுவது. நான் நலம். அரிசோனா வெயிலில் தாங்களும் நலம் என்று, இங்கே தங்கள் குடிலைக் கவனித்துக்கொள்ளும் கார்டி சொன்னான். இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதக் காரணம் ஒன்றுதான். ஏரிக்கடியில் மீன் கூடும் பாறைமேட்டுக்கு நேர் மேலே, குளிர்காலந்தோறும் உறைந்த பனியின்மீது தாங்கள் மீன்பிடிக் குடில் நிறுத்தும் இடம் இனித் தங்களுடையதன்று. இம்மாதம் 4ஆம் தேதி, ஏரிப்பனி வண்டியைத் தாங்குமளவுக்கு இறுகியதும், என் குடிலை அங்கே நிறுத்திவிட்டேன். முந்தி வருபவருக்கே இடம் என்ற ஏரி வழக்கம் தாங்கள் சொல்லித் தந்ததே.

ஆம், என் குடில். நானே கட்டியது.

1998 டிசம்பர் 12, சனிக்கிழமை, தங்கள் குடிலில் நான் பொருத்திய அலமாரிப் பலகை, பொரித்த மீன் சட்டியோடு, தூண்டில் இறக்கப் பனியில் வெட்டிய துளைக்குள் விழுந்தது. அப்போது தாங்கள் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்: "உன்னைப் பாத்தா ஆணி கூட வளஞ்சுக்குதுடா மில்டன்! இனிமே இந்தப் பக்கம் வராத." குடிலில் இருந்த அனைவரும் சிரித்தார்கள். தாங்கள் கதவையும் திறந்து பிடித்தீர்கள். அந்தக் குளிரில் கரைவரை நடந்தே வந்தேன்.

கடந்த அக்டோபர் 8ஆம் தேதி முதல் ஊர் நூலகம் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கும் தச்சுப் பட்டறைக்குப் போகிறேன். அங்குள்ள கருவிகள் ஆளைப் பார்த்துச் சிரிப்பதில்லை. வெட்டும் கருவியில் சிறு திரை உண்டு. அதில் தெரியும் கோட்டின் வழியே ஏறத்தாழத் தள்ளினால் போதும், என் கை விலகினாலும் கத்தி தானே கோட்டுக்குத் திரும்பிவிடும். துளைக்கும் கருவி சாய்ந்தால் சிவப்பு விளக்கு எரியும். திருகாணி அளவாக இறுகியதும் முடுக்கி தானாக நின்றுவிடும். குடில் முழுவதும் திருகாணிதான். வளைவதற்கு அங்கே ஓர் ஆணியும் இல்லை.

கார்டி குடிலை இருமுறை சுற்றி வந்தான். "யோவ், இது நீ பண்ணதா? மெஷினு பண்ணதுன்னு சொல்லு" என்றான். "மெஷினுதான் பண்ணுச்சு. அதுக்கென்ன, உள்ள உக்காந்து மீன் பிடிக்கப் போறது நான்தானே?" என்றேன்.

குடிலின் வெளிச்சுவரில் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். கரையைப் பார்த்த சுவரில் என் பெயரைச் செதுக்கி, அதன் கீழே தங்களின் அந்த ஆணி வாசகத்தையும் தங்கள் பெயரோடும் தேதியோடும் சாண் உயர எழுத்தில் செதுக்கியிருக்கிறேன். ஏரிக்கு வருபவர் எல்லாரும் படிக்கிறார்கள். "உங்க அண்ணன் பாத்தா அந்த ஓட்டைக்குள்ளயே குதிச்சிருவான்" என்கிறான் கார்டி.

தாங்கள் அவனிடம் தொலைபேசியில், "எடத்தைப் பாத்துக்கடா. முழங்கால் ரெண்டும் போச்சு, அனேகமா இந்தக் குளிர்காலம்தான் கடைசி" என்றதையும் சொன்னான். தங்கள் பழைய குடில் உளுத்துப்போய் அதை அவன் பிரித்துவிட்டதையும் அறிவேன். ஆகவே இம்மாதம் 25ஆம் தேதி ஏரிக்கு வரும்போது தங்களுக்கு இடமும் இல்லை, குடிலும் இல்லை. எனக்கு இதில் வருத்தம் சிறிதும் இல்லை.

ஒன்று மட்டும் தெரிவிக்க வேண்டும். குடிலின் வரைபடத்தில், ஒருவர் உட்கார்ந்து மீன் பிடிக்கத் தரையில் ஒரு துளைதான் இருந்தது. இரண்டாவதை வெட்டப் போனபோது, திரையில் கோடு இல்லையென்று கருவி நின்றுவிட்டது. அதை வைத்துவிட்டுக் கைரம்பத்தால் நானே அறுத்தேன். படுகோணல். நேரில் பார்த்தால் தாங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

வாசற்படியைத் தாழ்வாக அமைத்திருக்கிறேன். முழங்காலை அதிகம் மடக்க வேண்டியிராது. ஆள் உட்காராத துளை சீக்கிரம் உறைந்துவிடுகிறது. 4ஆம் தேதி முதல் தினமும் காலையில் அந்த இரண்டாவது துளையின் பனியை உடைத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆணியை வளைத்த தம்பி,
மில்டன் ஹாகன்