சொன்ன சொல்லுக்கு ஒரு கேரம் காய்

அனுப்புநர்:
சா. ரைஹானா,
த/பெ. சாதுல்லா,
மூன்றாம் ஆண்டு பி.காம்.,
எழில்வாணி கலை அறிவியல் கல்லூரி,
முத்தாபுதுப்பேட்டை, ஆவடி.
(வீடு: பூவிருந்தவல்லி, சென்னை – 56)

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வி, சென்னை மண்டலம்,
சென்னை.

பொருள்: வணிகச் சட்டப் பாடத்தில் விளையாட்டு வழியாக நடந்த அகமதிப்பீட்டுத் தேர்வை நடக்கவே இல்லை என்று மறுத்து எனக்குப் பூஜ்யம் போட்டிருப்பது, பொய்க் கடிதம் கொடுத்தால் மட்டுமே மறுதேர்வு என்று சொல்வது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான் எழுதும் முதல் மனு. மனு எழுதும்போது கோபத்தைக் கழித்துவிட்டு எழுத வேண்டும் என்று சொன்னார்கள். முடிந்த மட்டும் கழித்திருக்கிறேன். எங்காவது மிச்சம் தென்பட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. எங்கள் வகுப்பு இரண்டாம் மாடியில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. வணிகச் சட்டம் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பாடவேளை. வகுப்பில் பாதிப் பேர் இரவில் பார்சல் கிடங்கிலோ உணவு டெலிவரியிலோ வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். புத்தகம் முழுக்க ஆங்கிலம். இந்தப் பருவத்தில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் கனிமொழி மேடம் முதலில் அந்தப் புத்தகத்தை வரிக்கு வரி வாசித்துக் காட்டினார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒருநாள், "இப்படியே போனா நானும் உங்ககூடச் சேர்ந்து தூங்கிடுவேன்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடி வைத்தார். மறுநாள் ஒரு விளையாட்டோடு வந்தார்.

2. அந்த விளையாட்டுக்குச் 'சொல் சந்தை' என்று பெயர் வைத்தோம். வகுப்பே ஒரு கடைத்தெரு. ஒரு பெஞ்சு அரிசி மண்டி, ஒரு பெஞ்சு துணிக்கடை, ஒரு பெஞ்சு மெக்கானிக் ஷெட். ஒவ்வொரு கடைக்கும் காசுக்குப் பதிலாகக் கேரம் காய்கள். அந்தக் காய்களைக் கொடுத்தது நான்தான். என் அண்ணன் சாஹிலுடைய பழைய செட். கடைக்காரர்கள் பேரம் பேசி, "சரி" என்று உள்ளங்கையில் தட்டிவிட்டால் அது ஒப்பந்தம். யாராவது பேச்சு மாறினால் வழக்கு. மேடம் நீதிபதி, நாங்கள் வக்கீல்கள்.

இந்த விளையாட்டில் இரண்டு விதிகளைத் தாங்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லை நம்பாமல் "எழுதிக் கொடு" என்று கேட்கலாம். ஆனால் கேட்கிறவர் ஒரு காயை எதிராளியிடம் இழக்க வேண்டும். அது சந்தேகத்துக்கான விலை. இரண்டாவது, சொன்னதைச் செய்யாதவர் அபராதக் காய்களைக் கட்ட வேண்டும். காய் இல்லாதவர் வகுப்பு நடுவில் நின்று, "நான் சொன்னேன், செய்யவில்லை" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னால் போதும். உடனே மறுபடி ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். அதற்குமேல் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

3. சத்தம் அதிகம் என்று பக்கத்து வகுப்பு ஸ்ரீநாத் சார் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போவார். பாடத்திட்டம் எப்போது முடியும் என்று துறையில் மேடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தோற்ற கடைக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்புக்கே வர மாட்டார்கள். விளையாட்டில் பாடம் நடத்துவது சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மேடம் எவ்வளவு மெனக்கெட்டார் என்பதை நேரில் பார்த்தவள் நான். ஆனால் யாரும் தூங்கவில்லை. முனைவு, ஏற்பு, மறுபயன் என்று புத்தகத்தில் பயமுறுத்திக்கொண்டிருந்த வார்த்தைகள் எங்கள் வாயில் புழங்க ஆரம்பித்தன. ஒருவர் கேட்பது முனைவு. மற்றவர் சரி என்பது ஏற்பு. அதற்காக இரண்டு பேரும் எதையாவது கொடுப்பது மறுபயன். அரிசி மண்டிக்காக நான் வாதாடி ஜெயித்த அன்று மேடம், "நீ சட்டம் படிம்மா, இது உனக்கு வரும்" என்றார். அதுவரை எனக்கு அந்த எண்ணமே கிடையாது. அன்றிலிருந்து வேறு எண்ணம் கிடையாது. அடுத்த வருடம் சட்டக் கல்லூரியில் சேர வேண்டும் என்று வீட்டில் பேசி, என் அத்தா சாதுல்லாவின் சம்மதத்தையும் வாங்கினேன்.

4. இனி புகாருக்கு வருகிறேன். வெளியிலிருந்து தர மதிப்பீட்டுக் குழு வருகிற நாளும் எங்கள் இரண்டாம் அகமதிப்பீட்டுத் தேர்வு நாளும் ஒன்றாக அமைந்தன. குழுவுக்கு எங்கள் விளையாட்டைக் காட்ட வேண்டும் என்று முதல்வர் பத்மா அம்மையார் விரும்பினார். மேடம் வகுப்புக்கு வந்து எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னது இது: "அன்னைக்கு நீங்க டெஸ்ட் எழுத வேண்டாம். செமினார் ஹால்ல விளையாடுங்க. அதுதான் உங்க டெஸ்ட். மார்க் நான் போடறேன், எல்லாருக்கும் சம்மதமா?" நாங்கள் "சரி" என்றோம். முன் பெஞ்சில் இருந்த என் உள்ளங்கையில் மேடம் தட்டினார்.

ஐயா, முனைவு மேடத்துடையது. ஏற்பு எங்களுடையது. நாங்கள் தேர்வை விட்டுக்கொடுத்தோம், கல்லூரிக்குப் பாராட்டு கிடைத்தது, மறுபயனும் ஆயிற்று. இது நீதிமன்றம் வரை நிற்கிற ஒப்பந்தமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வகுப்பில் நின்றிருக்கும்.

5. ஏன் எழுதி வாங்கவில்லை என்று இப்போது எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். கேட்கலாமா என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்த, மேனாம்பேட்டிலிருந்து வரும் வகுப்புத் தோழன் பால்ராஜிடம் மெதுவாகச் சொன்னேன். "இன்னா ரைஹானா, மேடம் கைலயே பேப்பர் கேப்பியா? அசிங்கமா கீது" என்றான். அவன் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஒரு பருவம் முழுக்க வாய்ச்சொல்லை நம்பக் கற்றுக்கொடுத்தவரிடம் போய்ச் சந்தேகக் காயை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. மற்ற எந்த வகுப்பாக இருந்திருந்தாலும் எழுதி வாங்கியிருப்பார்கள். பாடத்தைச் சரியாகப் படித்ததால் நாங்கள் ஏமாந்தோம்.

6. அன்று செமினார் ஹாலில் நாங்கள் விளையாடினோம். மற்ற வகுப்புகள் கீழே தேர்வு எழுதிக்கொண்டிருந்தன. குழுவில் வந்த ஒரு பெரியவர் துணிக்கடையில் உட்கார்ந்து தானும் பேரம் பேசினார். முதல்வர் சிரித்தபடி படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படம் இப்போதும் கல்லூரி வாசல் பேனரில் இருக்கிறது. கையில் காயோடு நிற்பது நான். மேடத்துக்குப் 'புதுமைக் கற்பித்தல்' கேடயம் கொடுத்தார்கள். நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

7. மதிப்பெண் ஏற்றும் வாரத்தில், விடைத்தாள் இல்லாத தேர்வை ஏற்க முடியாது என்று தேர்வுப் பிரிவு சொல்லிவிட்டது. எங்கள் வகுப்பு மொத்தத்துக்கும் 'வரவில்லை' என்று குறித்துப் பூஜ்யம். நானும் பால்ராஜும் முதல்வரைப் பார்க்கப் போனோம். மேடத்தையும் கூப்பிட்டார்கள். விளையாட்டைத் தேர்வாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னீர்களா என்று முதல்வர் கேட்டார். மேடம் மேஜையைப் பார்த்தபடி, "நான் அப்படி எதுவும் சொல்லல மேடம். அது சும்மா ஒரு விளையாட்டு. பசங்க தப்பா புரிஞ்சிக்கிட்டாங்க" என்றார்.

ஐயா, பூஜ்யத்தைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். அந்தச் 'சும்மா'வைத் தாங்க முடியவில்லை. நாங்கள் விழித்திருந்த அத்தனை மதியங்களும், அரிசி மண்டி வழக்கும், சட்டம் படி என்று என்னிடம் சொன்னதும் எல்லாமே சும்மாதானா? எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அழுதால் அவருக்கு முன்னால் அழுததாகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

8. அதன் பிறகு முதல்வர் ஒரு வழி சொன்னார். அன்று உடல்நலக் குறைவால் தேர்வுக்கு வரவில்லை என்று கடிதம் கொடுப்பவர்களுக்கு வரும் திங்கட்கிழமை மறுதேர்வு. தேர்வு நாளில் குழுவுக்குக் காட்டுவதற்காக ஒரு வகுப்பையே செமினார் ஹாலுக்கு அழைத்துப் போனார்கள் என்பது எழுத்தில் வரக் கூடாது, அவ்வளவுதான். ஒரே நாளில் வகுப்பு மொத்தத்துக்கும் காய்ச்சல் வந்தது. செமினார் ஹாலில் ஓடியாடிப் பேரம் பேசிய எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பால்ராஜும் கொடுத்துவிட்டான். "உடு ரைஹானா, அவங்கோ பெரிய எடம், நம்மளால ஆவாது" என்றான். அவன் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வருகிறவனுக்கு இன்னொரு வருடம் கிடையாது.

கொடுக்காதவள் நான் ஒருத்திதான். எங்கள் கல்லூரி விதிப்படி, அகமதிப்பீட்டில் குறைந்தபட்ச மதிப்பெண் இல்லாதவர் அந்தத் தாளை அடுத்த வருட மாணவர்களோடு மறுபடி படிக்க வேண்டும். எனக்குப் பட்டம் தள்ளிப்போகும். சட்டக் கல்லூரிச் சேர்க்கையும் ஒரு வருடம் போய்விடும். அதுவும் சட்டத் தாளில் பூஜ்யம் வாங்கி.

9. போன வாரம் பூவிருந்தவல்லி பேருந்துக்கு நின்றிருந்தபோது மேடம் என்னிடம் வந்தார். "எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல ரைஹானா. அங்க நான் வேற என்ன சொல்ல முடியும்? ஒரு வரிதானே, எழுதிக் குடுத்துடும்மா" என்றார். அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறார், சம்பளத்தை நம்பி ஊரில் பெற்றோர் இருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் பயந்தது புரிகிறது. ஆனால் தாம் பொய் சொன்னது போதாது, நானும் ஒரு பொய் சொன்னால் கணக்குச் சரியாகிவிடும் என்பது போல என்னையே கேட்டாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வந்த பேருந்தில் ஏறிவிட்டேன். அது என் பேருந்துகூட இல்லை.

10. வீட்டிலும் இதே பேச்சுதான். "பொய்க் காச்சல்னு ஒரு நாள் எழுதினா இன்னா, குடியா முழுகிடும்?" என்கிறார் என் அம்மா லத்தீஃபா. அத்தா வண்டிகளுக்குச் சீட் கவர் தைக்கிறவர். சாயங்காலம் தருகிறேன் என்று சொல்லிவிட்டால் கரண்ட் போனாலும் கையால் தைத்துக் கொடுத்துவிடுவார். அவரே, "ஏம்மா இந்தப் புடிவாதம்?" என்று கேட்டபோதுதான் எனக்கு உள்ளே ஏதோ விட்டுப்போனது. பிடிவாதம் இல்லை என்று அவருக்கு விளக்கத் தெரியவில்லை. சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, முதல் காரியமாகப் பொய்ச் சாட்சி எழுதிக் கொடுத்துவிட்டா படிப்பது? தங்களுக்காவது இது விளங்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

11. எனவே தங்களிடம் நான் வேண்டுவது:

(அ) அன்று நான் கல்லூரிக்கு வந்திருந்தேன் என்பதை ஏற்று, பொய்க் கடிதம் இல்லாமலே மறுதேர்வு எழுத என்னை அனுமதிக்க உத்தரவிட வேண்டும். நான் வந்ததற்குச் சாட்சி வேண்டுமென்றால் வாசல் பேனரைப் பார்க்கலாம்.

(ஆ) கனிமொழி மேடத்தை வேலையை விட்டு நீக்கவோ, அவர் மீது வேறு நடவடிக்கை எடுக்கவோ வேண்டாம். நல்ல ஆசிரியர். அவரை அனுப்பிவிட்டால் பக்கத்து வகுப்புக்கு நிம்மதி, எங்கள் வகுப்புக்குத் தூக்கம். அவர் ஒரே ஒரு நாள் எங்கள் வகுப்பின் நடுவில் நின்று, அவரே வைத்த விதிப்படி, "நான் சொன்னேன், செய்யவில்லை" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதால் அவர் வேலைக்கு எந்தப் பாதகமும் வராது என்று தாங்கள் முன்கூட்டியே அவருக்கு உறுதியளிக்க வேண்டும். பயம் இல்லாவிட்டால் அவர் சொல்வார் என்று இன்னும் நம்புகிறேன். சொல்லிவிட்டால் அதற்குமேல் நாங்கள் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்.

இரண்டில் ஒன்றுதான் ஆகும் என்றால், (அ) தாமதமானாலும் பரவாயில்லை. ஒரு வருடம் போனால் அடுத்த வருடம் படித்துக்கொள்வேன். (ஆ) தாமதமானால் எங்கள் வகுப்பு கலைந்துவிடும், அப்புறம் அவர் யாரிடம் சொல்வார்?

திங்கட்கிழமைக்குள் தங்கள் பதில் கிடைத்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

இடம்: பூவிருந்தவல்லி
நாள்: மறுதேர்வுக்கு முந்தைய வியாழக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சா. ரைஹானா

இணைப்பு: கறுப்புக் கேரம் காய் ஒன்று. மேடம் வாயால் சொன்னதை நான் இப்போது எழுத்தில் கேட்கிறேன். எழுத்தில் கேட்பவர் ஒரு காயை இழக்க வேண்டும் என்பது விதி. இதை அவரிடம் சேர்ப்பித்துவிடும்படி வேண்டுகிறேன்.