யோசேப்பை மறிக்க ஒரு கட்டு

10.11.97 திங்கள்
விடியலிலிருந்து மழை. குசினிக் கூரை இரண்டு இடத்தில் ஒழுக்கு. தென்னங்கிடுகு வாங்க வேண்டும். விளையாட்டுச் சீட்டுகள் ஈரத்தில் அப்பளம் போல வளைவு. அரிசிப் பானைக்கு அடியில் வைத்து நிமிர்த்தல்.

யோசேப்பு நனைந்துகொண்டு வந்தார். முல்லைத்தீவுக் கரையில் சொந்த வள்ளம் வைத்திருந்த மனிதர். இடம்பெயர்ந்தபின் இங்கே ஸ்கந்தபுரத்தில், எங்கள் பின்வளவுக் கொட்டிலில். மனைவி சலோமியும் பிள்ளைகளும் முன்னமே இந்தியாவில், மண்டபம் முகாமில். மேற்குக் கரையிலிருந்து ஒரு வள்ளம் இந்தக் கிழமை அக்கரைக்குப் போகிறதாம்.

"எண்ணெய் கொண்டு வாறவனுக்குத்தான் இடமாம், மாஸ்டர். உங்களிட்டை அந்தக் கான் இருக்கெல்லோ?"

இருக்கிறது. கட்டிலுக்கு அடியில். இந்தப் பொருளாதாரத் தடைக்குள் போத்தல் போத்தலாகச் சேர்த்த மண்ணெண்ணெய்.

மாரிக் கடல். போன கிழமை போன வள்ளம் கரை சேர்ந்ததாகச் சங்கக்கடையில் ஒருவரும் சொல்லவில்லை. தை வரட்டும் என்றேன். சிரித்தார்.

"கடலிலை பிறந்தவனுக்குக் கடலைக் காட்டி வெருட்டுறியள்."

கடைசியில் ஒரு பந்தயம். வியாழன் பின்னேரம் சீட்டில் ஒரே ஆட்டம். அவர் வென்றால் கான் அவருக்கு. நான் வென்றால் தை பிறக்கும்வரை அவர் இங்கே. பந்தயத்தை முதலில் சொன்னது அவர்தான்.

வீட்டில் இவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

11.11 செவ்வாய்
மழை விட்டுவிட்டு. சீட்டுப் பெட்டியைப் பாயில் கொட்டினேன். எங்கள் அறையில் குடியிருந்த வெள்ளைக்கார டொக்டர் நாடு திரும்பும்போது விட்டுச் சென்றது. மந்திரவாதிகள், பூதங்கள், பாம்புகள். அவரவர் கட்டை அவரவரே தெரிந்தெடுத்து அடுக்கலாம். அதுதான் இதன் சுவை. வைகாசி முதல் ஆடுகிறோம். நான் வென்றது அபூர்வம்.

ஏன் என்று இன்றுதான் ஒழுங்காக யோசித்தேன். யோ. வலை போடுவது போல ஆடுவார், இருப்பதெல்லாம் மேசையில். நான் வருகிற பூதத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருப்பேன். பிழை அங்கே. பூதம் இறங்க நிலச் சீட்டு வேண்டும், பலம் தருவது நிலம். உதாரணம், அக்கராயன் குளம். கீழே எத்தனை ஏக்கர் விதைத்திருந்தாலும் தண்ணீர் விடும் துருசைப் பூட்டினால் முடிந்தது. வயல் வயலாக இறங்கிப் பயிர் பிடுங்கத் தேவையில்லை.

ஆக:
– நிலத்தை உடைக்கும் சீட்டு, பெட்டியில் உள்ளதெல்லாம்
– இரு பக்க நிலத்தையும் ஒருமிக்க அழிப்பது, 2
– நிலமில்லாமலே பலம் தரும் கல், எனக்கு
– அடிக்க ஒரு சின்னப் பூதம். அவசரமில்லை.

பெரியவை எல்லாம் வெளியே. பறக்கும் நாகமும் போனது. மனம் கேட்கவில்லை.

இவள் எட்டிப் பார்த்தாள். "பெஞ்சன் எடுத்த வாத்தியார் பேய்ப்படம் அடுக்கிறார்." பந்தயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"தோத்தியளெண்டால்?"

12.11 புதன்
கொஞ்சம் வெயில். இரண்டு பக்கத்தையும் நானே ஆடிப் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் என் கட்டே பட்டினி. மறிக்கும் சீட்டு நிறைய, அதைப் போட என்னிடம் நிலமில்லை. கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பை உள்ளே விட்ட மாதிரி. நிலம் கூட்டினேன். பரவாயில்லை.

யோ. உரப்பையில் உடுப்பு அடுக்குவது வேலியூடாகத் தெரிந்தது. செபமாலையைச் சட்டைப் பைக்குள் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.

போகவிட்டு ஏதும் நடந்தால் சலோமிக்கு என்ன சொல்வது? மறித்தாலும் என்ன சொல்வது?

13.11 வியாழன்
வாடைக்காற்று பலம். வாழை இரண்டு சரிந்தது. மூன்று மணிபோல மேசையில் இருந்தோம்.

அவர் நிலம் போட்டார், உடைத்தேன். இன்னொன்று போட்டார், அதையும்.

"என்ன மாஸ்டர், வந்ததும் வராததுமாய்க் காணியிலை கை வைக்கிறியள்?"

"இருங்கோ, இன்னும் இருக்கு."

மூன்று நிலமும் ஒரு சுறாவும் அவர் சேர்க்கும்வரை பொறுத்தேன். சுறா என்னை இருமுறை கடித்தது. பிறகு எல்லா நிலத்தையும் அழிக்கும் சீட்டு. சுறாவை அழிக்கவும் வேறொரு சீட்டு இருந்தது.

அதன்பின் அவர் பக்கம் வெறும் மேசை. ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு எடுப்பார், பார்ப்பார், "நிலமில்லை" என்பார். கையில் ஏழுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிஞ்சியதை எறிய வேண்டும். உயிராக வைத்திருந்த கடற்பாம்பையே எறிந்தார்.

என் சின்னப் பூதம் ஒவ்வொரு புள்ளியாகக் கொத்தியது. கொத்திக்கொண்டே இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி, வாய் திறக்கவிடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதைப் போல. பார்க்கவே வெட்கம்.

"கொல்லுறதெண்டால் கெதியாக் கொல்லுங்கோ, மாஸ்டர்."

குசினிக்குள்ளிருந்து இவள்: "அந்த மனிசனை ஒரு சீட்டெண்டாலும் போட விடுங்கோவன்!"

விடவில்லை. வென்றேன்.

"சரி, தை வரைக்கும் நிக்கிறன். அங்கை போற ஆளிட்டைச் சலோமிக்குச் சொல்லி விடுறன், மாஸ்டர் விடேல்லை எண்டு." கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். தேத்தண்ணீரும் குடிக்கவில்லை. கோபமோ?

மேசையை ஒதுக்கும்போது அந்தச் சீட்டுகளைப் புரட்டினேன். ஏழில் ஐந்து நிலம்.

திரும்பவும் பார்த்தேன். ஐந்துதான். ஒன்றில் எலி அரித்த மூலை. என் பூதம் முதல் அடி அடித்தபோதே அது அவர் கைக்கு வந்ததைக் கண்டேன். கண்டும் யோசிக்கவில்லை.

இவளைக் கூப்பிடவில்லை. மற்றவற்றோடு கலந்து அடுக்கினேன். பானைக்கு அடியில் வைத்தேன்.

14.11 வெள்ளி
காற்று நிற்கவில்லை. காலையிலேயே யோ., தோளில் கிடுகுக் கட்டு. எங்கே வாங்கினார் என்று சொல்லவில்லை.

வள்ளம் வெளிக்கிட்டுவிட்டதாம். கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "கான் கவனம், மாஸ்டர். தையிலை கேப்பன்."

"ஓம்" என்றேன்.

"பின்னேரம் ஒரு ஆட்டம்?"

"ஓம். நாகத்தைத் திரும்பச் சேர்க்கிறன்."

ஏணியில் ஏறினார். பாதியில் நின்று கீழே பார்த்தார்.

"இறுக்கிப் பிடியுங்கோ, மாஸ்டர். எனக்கு உயரமெண்டால் பயம்."

இறுக்கிப் பிடித்தேன்.